எந்தச் சுரத்தில் இறங்குவது?

கிட்டாரில் ஸ்கேல் என்பது, ஓர் ஆதார சுரத்திலிருந்து அதன் மேல்ஸ்தாயி வரை தேர்ந்தெடுத்து அடுக்கிய சில சுரங்களின் வரிசை. சோலோ என்பது அந்தச் சுரங்களைக் கொண்டு, பின்னால் ஓடும் தாளத்துக்கும் கார்டுகளுக்கும் (ஒரே நேரத்தில் சேர்ந்தொலிக்கும் சுரக் கூட்டங்களுக்கும்) பொருந்தும்படி, வாசிப்பவர் அந்தக் கணத்தில் உருவாக்கும் தனி வாசிப்பு. முதலாவது விரல்களுக்குச் சில நாட்களில் பழகிவிடும். இரண்டாவது அதிலிருந்து தானாகப் பிறப்பதில்லை. ஸ்கேலை நன்றாகத் தெரிந்து வைத்திருப்பவரிடம் பாட்டின் நடுவே சிறிது இடம் கொடுத்து "வாசி" என்று சொன்னால், கீழிருந்து மேலே ஒருமுறை, மேலிருந்து கீழே ஒருமுறை ஓடிவிட்டு நின்றுவிடுவார். ஓடியது தப்பில்லை. எங்கே நிற்பது என்பதை யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை.

விழுப்புரம், திண்டிவனம் போன்ற ஊர்களில் கிட்டார் பெரும்பாலும் இரண்டு வழிகளில் கைக்கு வருகிறது. ஒன்று தேவாலய கொயர். அமெரிக்கன் ஆற்காடு மிஷன் திண்டிவனத்தில் காலூன்றிப் பல தலைமுறைகள் ஆகின்றன. ஊரிலுள்ள வால்டர் ஸ்கடர் மேல்நிலைப் பள்ளி, அந்த மிஷனைத் தொடங்கிய குடும்பத்தின் பெயரைத் தாங்கி நிற்கிறது. மற்றது கல்யாண வீடுகளுக்கும் கோயில் திருவிழாக்களுக்கும் போகும் மெல்லிசைக் குழு. இரண்டிலும் கிட்டார்காரருக்கு முதலில் தேவைப்படுவது கார்டுகள்தான். சோலோ பிறகுதான் வருகிறது, அதுவும் பாடகர் மூச்சு வாங்கும் இடைவெளியில்.

விழுப்புரத்தில் மாவட்ட அரசு இசைப் பள்ளி இருக்கிறது. குரலிசை, நாதஸ்வரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் ஆகியவை அங்கே மூன்றாண்டுப் படிப்பாகச் சொல்லித் தரப்படுகின்றன. கிட்டார் அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே கிட்டார் கற்க விரும்புபவர் பாண்டிச்சேரிக்கோ சென்னைக்கோ போகிறார், அல்லது கைப்பேசியைத் திறந்து வைத்துக்கொள்கிறார். கைப்பேசி காணொளிகள் விரல் வைக்கும் இடங்களைப் புள்ளி வைத்த படமாகக் காட்டும். ஒரு சுரத்தில் எவ்வளவு நேரம் நிற்கலாம், எதைத் தொட்டுவிட்டு உடனே நகர வேண்டும், ஒரு வாக்கியத்தை எங்கே முடிக்க வேண்டும் என்பதையெல்லாம் அந்தப் படம் காட்டாது. இசைப் பள்ளியின் நாதஸ்வர வகுப்பில் நடப்பது முழுக்க அதுதான். இரண்டுக்கும் நடுவில் உள்ள சுவரை உடைத்துக்கொள்பவருக்கு சோலோ சீக்கிரம் கைவரும்.

ஒரே கம்பியில் ஐந்து சுரங்கள்

கிட்டாரின் கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கோடுகளுக்கு ஃபிரெட் என்று பெயர். ஒரு ஃபிரெட்டிலிருந்து அடுத்ததற்கு நகர்ந்தால் சுருதி அரைச் சுரம் உயரும். பன்னிரண்டு ஃபிரெட் நகர்ந்தால் அதே சுரம் மேல்ஸ்தாயியில் கேட்கும். வீணையின் மெட்டுகளும் இதே கணக்குதான். வீணையில் 24 மெட்டுகள், அதாவது ஒரு தந்தியில் இரண்டு ஸ்தாயி. எனவே கர்நாடக இசையின் பன்னிரண்டு சுரஸ்தானங்களும் கிட்டாரின் பன்னிரண்டு ஃபிரெட்டும் ஒன்றின்மேல் ஒன்று அப்படியே பொருந்திவிடுகின்றன.

தொடங்குவதற்கு ஏழு சுரங்கள் வேண்டாம், ஐந்து போதும். மேற்கத்திய இசையில் மேஜர் பென்டடோனிக் என்று சொல்லப்படும் ஐந்து சுர ஸ்கேல், கர்நாடக இசையில் மோகனத்தின் சுரங்கள்: ஸ, ரி, க, ப, த. சி-யை ஸட்ஜமாக வைத்தால் சி, டி, ஈ, ஜி, ஏ. சிலப்பதிகார ஆய்ச்சியர் குரவையில் வரும் முல்லைத் தீம்பாணி இந்த மோகனமே என்று தமிழிசை ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஐந்து சுரம் கொண்ட பண்ணைத் திறம் என்று பழந்தமிழ் மரபு வகைப்படுத்தியது. சீனம், ஸ்காட்லாந்து, மேற்கு ஆப்பிரிக்கா என்று ஒன்றோடொன்று தொடர்பில்லாத நாட்டுப் பாடல்களிலும் இந்த ஐந்து சுரங்கள் காணக் கிடைக்கின்றன. காரணம் எளிது. மேஜர் ஸ்கேலின் ஏழு சுரங்களில் அரைச் சுர இடைவெளியில் ஒட்டிக்கொண்டு நிற்கும் ஜோடிகள் இரண்டு: க-ம, நி-ஸ. மத்யமத்தையும் நிஷாதத்தையும் விட்டுவிட்டால் அந்த உரசல் இரண்டும் போய்விடும். மீதி ஐந்தில் எதை எதோடு சேர்த்து வாசித்தாலும் காதுக்கு உறுத்தாது. புதிதாக வாசிப்பவருக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு இல்லை.

இந்த ஐந்தையும் முதலில் ஒரே கம்பியில் வாசிக்க வேண்டும். இரண்டாவது கம்பியான பி-யில் முதல் ஃபிரெட்டில் ஸ. அங்கிருந்து 3-இல் ரி, 5-இல் க, 8-இல் ப, 10-இல் த, 13-இல் மேல் ஸ. இடைவெளிகள் சமமாக இல்லை என்பது கைக்கு உடனே தெரியும்: இரண்டு, இரண்டு, மூன்று, இரண்டு, மூன்று. விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகும் பாசஞ்சர் ரயிலை நினைத்துக்கொண்டால் இது மனதில் பதியும். விழுப்புரம் ஸ, முண்டியம்பாக்கம் ரி, விக்கிரவாண்டி க, பேரணி ப, மயிலம் த, திண்டிவனம் மேல் ஸ. ஊர்களுக்கு இடையே தூரம் ஒரே மாதிரி இல்லை. எல்லா ஊரிலும் எல்லோரும் இறங்குவதுமில்லை. மயிலத்துக்கு முருகனைப் பார்க்க வந்தவர் மயிலத்தில்தான் இறங்குவார். எல்லா நிலையத்திலும் ஒரே நேரம் நின்று போகும் பாசஞ்சர் போலத்தான் புதிதாகக் கற்பவரின் ஸ்கேல் ஓட்டமும் இருக்கிறது.

ஒரே கம்பியில் வாசிக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வீணைக்காரரும் நாதஸ்வரக்காரரும் சுரத்தைச் சுரமாகவே அறிவார்கள். கிட்டார்காரர் அதை வடிவமாக மனப்பாடம் செய்கிறார்: இங்கே இரண்டு புள்ளி, அங்கே இரண்டு புள்ளி. வடிவம் தெரிந்தவருக்கு அடுத்து விரல் எங்கே போகும் என்று தெரியும், என்ன ஒலி வரும் என்று தெரியாது. ஒரு கம்பியில் மேலும் கீழும் போகும்போது, வாசிக்கும் சுரத்தை வாயாலும் பாட வேண்டும். குரல் நன்றாக இருக்க வேண்டிய அவசியமில்லை, சுருதியில் இருந்தால் போதும். விரல் தொடும் முன்பே வாய் அந்தச் சுரத்தைப் பாடத் தொடங்கும் நாளில்தான் ஸ்கேல் உண்மையில் கைவந்ததாகக் கொள்ளலாம்.

ஒரு பெட்டி, ஐந்து ராகங்கள்

அதன் பிறகு, உலகமெங்கும் கிட்டார்காரர்கள் முதலில் கற்கும் அந்தப் பெட்டி. ஐந்தாவது ஃபிரெட்டை ஒட்டி, ஆறு கம்பிகளிலும் கம்பிக்கு இரண்டு சுரங்கள். ஆறாவது கம்பியில் 5, 8. ஐந்தாவது, நான்காவது, மூன்றாவது கம்பிகளில் 5, 7. இரண்டாவதிலும் முதலாவதிலும் 5, 8. இதற்கு ஏ மைனர் பென்டடோனிக் என்று பெயர். ஏ-யை ஸட்ஜமாகக் கேட்டால் ஸ, க, ம, ப, நி என்று சுத்த தன்யாசியின் சுரங்கள். ப்ளூஸ், ராக் இசையின் சோலோக்களில் பெரும் பங்கு இந்தப் பெட்டியிலிருந்து வந்தவை.

அதே பெட்டியில், விரலை ஒரு ஃபிரெட் கூட மாற்றாமல், சி-யை ஸட்ஜமாக நினைத்துக்கொண்டால் கிடைப்பது மோகனம். மூன்றாவது கம்பியின் 5-இல் ஸ, 7-இல் ரி. இரண்டாவது கம்பியின் 5-இல் க, 8-இல் ப. முதல் கம்பியின் 5-இல் த, 8-இல் மேல் ஸ. ஒரு முழு ஸ்தாயி உள்ளங்கை அகலத்துக்குள் அடங்கிவிடுகிறது. ஆதாரத்தை இப்படி இடம் மாற்றுவதைக் கர்நாடக இசையில் கிரகபேதம் என்பார்கள். தமிழிசை நூல்களில் பண்ணுப் பெயர்த்தல். மோகனத்தின் ரிஷபத்தை ஆதாரமாக்கினால் மத்யமாவதி, காந்தாரத்தை ஆக்கினால் ஹிந்தோளம், பஞ்சமத்தை ஆக்கினால் சுத்த சாவேரி, தைவதத்தை ஆக்கினால் சுத்த தன்யாசி. ஐந்து சுரங்களிலிருந்து ஐந்து ராகங்கள். தம்பூரா செயலியில் ஆதார சுருதியை மட்டும் மாற்றிவிட்டு, அதே பெட்டியை வாசித்துப் பார்த்தால், அதே சுரங்கள் ஒருமுறை விடியலாகவும் ஒருமுறை அந்தியாகவும் கேட்பது புரியும்.

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். மேஜர் ஸ்கேல்தான் சங்கராபரணம், மைனர் பென்டடோனிக்தான் சுத்த தன்யாசி என்று சொல்லும்போது சுரஸ்தானங்கள் ஒன்று என்பது மட்டுமே பொருள். ராகத்துக்கு என்று பிடிகள் இருக்கின்றன, கமகங்கள் இருக்கின்றன, நின்று இளைப்பாறும் சுரங்கள் இருக்கின்றன. அவை இல்லாமல் சுரங்களை மட்டும் வரிசையாக வாசிப்பது ராகமாகாது. இதையே திருப்பிப் போட்டால் கிட்டார்காரருக்கு நல்ல பாடம் கிடைக்கிறது: ஸ்கேலைக் கற்றதோடு நிற்காமல், அந்த ஸ்கேலுக்கு உரிய பிடிகளையும் சேகரிக்க வேண்டும். கர்நாடக இசையில் சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம், கீதம், வர்ணம் என்று போவதற்குக் காரணம் இதுதான். வர்ணம் முடிக்கும்போது மாணவர் அந்த ராகத்தின் முக்கியமான வாக்கியங்களையெல்லாம் கையில் வைத்திருப்பார். கற்பனைசுரம் பாட அதன் பிறகே உட்கார வைப்பார்கள். மோகனத்துக்கு ராமநாதபுரம் பூச்சி சீனிவாச ஐயங்காரின் ‘நின்னுக்கோரி’ வர்ணம் இருக்கிறது. அந்தத் தலைப்பை அப்படியே எடுத்து 1988-இல் வந்த ‘அக்னி நட்சத்திரம்’ படத்தில் இளையராஜா அமைத்த பாட்டும் மோகனமே. வர்ணம், சினிமாப் பாட்டு இரண்டையும் பெட்டிக்குள் தேடித் தேடி வாசிப்பவர், ஒரு மாதம் ஸ்கேலை ஏற்றி இறக்கியவரை எளிதாக முந்திவிடுவார்.

இறங்கும் இடம்

கச்சேரியில் பின்னால் ஒலிப்பது தம்பூரா. அது மாறுவதில்லை. கிட்டார் சோலோவின் பின்னால் ஒலிப்பது கார்டு, அது மாறிக்கொண்டே இருக்கும். சோலோ கற்பவருக்கு உள்ள உண்மையான சிக்கல் இந்த ஒரு வேறுபாட்டில்தான் இருக்கிறது.

கொயரிலும் மெல்லிசை மேடையிலும் அதிகம் புழங்கும் நான்கு கார்டுகளை எடுத்துக்கொள்ளலாம்: சி, ஏ மைனர், எஃப், ஜி. ஒவ்வொன்றுக்கும் நான்கு அடி. சி கார்டில் உள்ள சுரங்கள் சி, ஈ, ஜி. ஏ மைனரில் ஏ, சி, ஈ. எஃப்-இல் எஃப், ஏ, சி. ஜி-யில் ஜி, பி, டி. மோகனத்தின் ஐந்து சுரங்களை இவற்றோடு வைத்துப் பார்த்தால், ஒவ்வொரு கார்டிலும் இறங்க இடம் இருக்கிறது. சி கார்டு வரும்போது காந்தாரத்தில் நிற்கலாம், பஞ்சமத்திலும் நிற்கலாம். ஏ மைனரில் தைவதம் அல்லது ஸட்ஜம். எஃப்-இலும் அவையே. ஜி வரும்போது பஞ்சமம் அல்லது ரிஷபம்.

ஸட்ஜம்தான் வீடு என்று நினைத்து ஜி கார்டின் மேல் ஸட்ஜத்தில் நீட்டி நின்றால், அந்தக் கார்டின் நடுச் சுரமான பி-யோடு அது அரைச் சுர இடைவெளியில் உரசும். தப்பு என்று யாரும் சொல்லமாட்டார்கள், ஆனால் வாக்கியம் முடியாமல் தொங்குவது எல்லோருக்கும் கேட்கும். மாறாக, தம்பூராவோடு தனியாக வாசிக்கும்போது "போ, போ" என்று விரட்டும் ரிஷபம், ஜி கார்டின் மேல் வந்தால் நிம்மதியாக உட்கார்ந்துகொள்ளும். அதே காந்தாரம் சி-யின் மேல் இனிமை, ஏ மைனரின் மேல் உறுதி, எஃப்-இன் மேல் ஒரு மெல்லிய ஏக்கம். சுரம் ஒன்றுதான், அதன் உறவு மாறுகிறது.

ஆகவே இந்த நிலையில் செய்ய வேண்டிய பயிற்சி வேகமானது அல்ல. கார்டுகளைக் கைப்பேசியில் ஐந்து நிமிடம் பதிவு செய்து ஓடவிட்டு, ஒவ்வொரு கார்டுக்கும் ஒரே ஒரு சுரம் மட்டும், கார்டு மாறும் அதே அடியில், வாசிக்க வேண்டும். க, த, ஸ, ப என்று ஒரு சுற்று. ப, ஸ, த, ரி என்று ஒரு சுற்று. சலிப்பூட்டும் பயிற்சிதான். சில நாட்களில் காது, கார்டு மாறுவதற்கு முன்பே அடுத்த சுரத்தைத் தேடத் தொடங்கும். பிறகு அந்தச் சுரத்துக்குப் போகும் வழியில் இரண்டு மூன்று சுரங்களைச் சேர்த்துக்கொள்ளலாம். வழியில் எந்தச் சுரம் வந்தாலும் குற்றமில்லை. பென்டடோனிக்கில் இல்லாத சுரத்தைக்கூடத் தொட்டுப் போகலாம். கேட்பவர் நினைவில் நிற்பது இறங்கிய இடம்.

தாளம்

சோலோ சரியில்லை என்று தோன்றும்போது கற்பவர்கள் புதிய ஸ்கேலைத் தேடி ஓடுகிறார்கள். பெரும்பாலும் குறை சுரத்தில் இருப்பதில்லை, தாளத்தில் இருக்கிறது. இடைவெளியே விடாமல், எல்லாச் சுரத்தையும் ஒரே நீளத்தில் வாசிக்கும் சோலோ எவ்வளவு வேகமாக இருந்தாலும் கேட்பவர் கவனம் வேறு எங்கோ போய்விடும்.

செஞ்சி, மேலச்சேரிப் பகுதி திரௌபதி அம்மன் வழிபாட்டின் மூல நிலம். அங்கே பாரதக் கூத்து நடக்கும் இரவுகளில் முகவீணைக்காரரைக் கவனித்தால் இந்தப் பாடம் காசில்லாமல் கிடைக்கும். கூத்தாடி பாடும்போது அவர் பின்தொடர்வார். வரி முடிந்து கூத்தாடி அடி எடுத்து வைக்கும் இடைவெளியில் அந்த வரியின் வாலைப் பிடித்து நீட்டுவார், அடுத்த வரி தொடங்குவதற்கு முன் முடித்துவிடுவார். விடிய விடிய இப்படித்தான். எப்போது வாசிக்க வேண்டும் என்பதைப் போலவே எப்போது வாசிக்கக் கூடாது என்பதும் அவருக்குத் தெரியும்.

கிட்டாரில் இதைப் பழக ஆதி தாளம் போதும். எட்டு அட்சரம் என்பது நான்கடி கொண்ட இரண்டு பார். ஓர் ஆவர்த்தனம் வாசிக்க வேண்டும், ஓர் ஆவர்த்தனம் கையை எடுத்துவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். சும்மா இருக்கும்போது கால் தாளம் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். இந்தச் சும்மா இருப்பதுதான் கடினம். பிறகு முதல் நான்கடியில் ஒரு கேள்வி, அடுத்த நான்கடியில் அதற்குப் பதில் என்று பிரித்துக்கொள்ளலாம். கேள்வி ரிஷபத்திலோ தைவதத்திலோ நின்றால் கேள்வியாகவே கேட்கும். பதில் ஸட்ஜத்தில் வந்து முடியலாம்.

முடிவுக்குத் தவில்காரர்களின் கணக்கு ஒன்றை அப்படியே கடன் வாங்கலாம். ‘ததிங்கிணதொம்’ ஐந்து எழுத்து. நான்கடி கொண்ட ஒரு பாரில் ஒவ்வோர் அடியையும் நான்காகப் பிரித்தால் பதினாறு மாத்திரை. முதல் மாத்திரையை விட்டுவிட்டு, இரண்டாவதிலிருந்து ததிங்கிணதொம் மூன்று முறை சொன்னால் பதினைந்து ஆகிறது. அடுத்த சுரம் அடுத்த பாரின் முதல் அடியில், சமத்தில், விழும். ஐந்து எழுத்துக்கு ஐந்து சுரம், உதாரணமாக க ப த ப க, மூன்று முறை வாசித்து ஸட்ஜத்தில் இறங்கிப் பார்த்தால், டிரம்ஸ் வாசிப்பவர் திரும்பிப் பார்ப்பார். நான்கு நான்காகவே போய்க்கொண்டிருக்கும் ராக் தாளத்தின் மேல் ஐந்து ஐந்தாக வந்து, சரியான இடத்தில் ஒன்று சேர்வதுதான் அதன் சுவை.

வாக்கியம்

விழுப்புரம் மாவட்டத்துத் திருவெண்ணெய்நல்லூரில் நடந்ததாகப் பெரியபுராணம் சொல்லும் கதை, இந்தத் துறையில் உள்ளவர்களுக்கு வேறு விதமாகப் படும். கல்யாணத்தைத் தடுத்து, ஓலையைக் காட்டி வழக்காடித் தம்மை அடிமை கொண்ட கிழவர் சிவபெருமான் என்று தெரிந்ததும், பாடு என்று அவர் சொல்ல, என்ன பாடுவது என்று சுந்தரர் திகைக்கிறார். சற்று முன்பு கோபத்தில் அவர் வாயிலிருந்து வந்த வசைச் சொல்லையே முதல் சொல்லாக வைத்துப் பாடச் சொல்கிறார் இறைவன். பதிகம் பிறக்கிறது. அதன் பண் இந்தளம். ஓதுவார்கள் அதை இன்று மாயாமாளவகௌளையில் பாடுகிறார்கள். சரளி வரிசை கற்கும் குழந்தைகள் முதன்முதலில் பாடும் ராகமும் அதுதான்.

மனோதர்மம், அதாவது அந்தக் கணத்தில் உருவாக்கிப் பாடுவதும் வாசிப்பதும், வெறுமையிலிருந்து தொடங்குவதில்லை, கையில் ஏற்கெனவே இருக்கும் ஒரு துண்டிலிருந்து தொடங்குகிறது. பாட்டின் பல்லவியிலிருந்து மூன்று சுரங்களை எடுத்துக்கொண்டால் போதும். ‘ஸ ரி க’ என்று வைத்துக்கொள்வோம். அதை ஒருமுறை வாசித்து நிறுத்துவது. மறுபடி அதையே வாசித்து, கடைசிச் சுரத்தை மட்டும் நீட்டுவது. மூன்றாம் முறை காந்தாரத்தைத் தாண்டிப் பஞ்சமம் வரை போய்த் திரும்புவது. அதே தாள அமைப்பை ‘க ப த’வுக்கு நகர்த்துவது. இரண்டு நிமிடம் இதிலேயே ஓடிவிடும், கேட்பவருக்கும் ஏதோ ஒன்று வளர்கிறது என்று புரியும். புதிதாக ஒன்றைச் சொல்லிக்கொண்டே இருப்பதைவிட, சொன்னதையே கொஞ்சம் மாற்றிச் சொல்வது சோலோவில் அதிகம் எடுபடும். கற்பனைசுரம் பாடுபவர் ஒரே சுரத்தில் திரும்பத் திரும்ப வந்து முடித்து, பிறகு குறைப்பு என்று அளவைப் பாதியாக்கிக்கொண்டே போய்க் கோர்வையில் முடிப்பதும் இதே வழிதான்.

இழுத்து வாசிப்பது இன்னொரு சங்கதி. பெட்டியின் மூன்றாவது கம்பியில் ஏழாவது ஃபிரெட்டை அழுத்தி, கம்பியை மேல் நோக்கித் தள்ளினால் டி சுரம் ஈ வரை ஏறும். கிட்டார்காரர்கள் பெண்ட் என்று சொல்வது இதைத்தான். வீணையில் தந்தியை மெட்டின் மேல் பக்கவாட்டில் இழுத்துக் கமகம் பிடிப்பதும் இதே இயக்கம். எவ்வளவு தூரம் இழுப்பது என்பதைக் காதுதான் சொல்ல வேண்டும். முதலில் ஒன்பதாவது ஃபிரெட்டில் ஈ-யை நேராக வாசித்துக் கேட்டுவிட்டு, அந்த உயரத்துக்குச் சரியாக இழுத்துப் பழக வேண்டும். அரைகுறையாக இழுத்த பெண்ட், அபசுரம் என்று இசை தெரியாதவருக்கும் தெரிந்துவிடும். அக்கூஸ்டிக் கிட்டாரில் மூன்றாவது கம்பி சுற்றுக்கம்பியாக இருப்பதால் இழுக்கக் கடினம். எலக்ட்ரிக் கிட்டாரில் அது வெறும் கம்பி, சுலபமாக வரும். கடற்காற்று வீசும் மரக்காணம் பக்கத்தில் கம்பிகள் சீக்கிரம் துருப்பிடிக்கும், துருப்பிடித்த கம்பி விரலுக்கும் பெண்டுக்கும் ஒத்துழைக்காது. வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் துடைத்து வைப்பது நல்லது.

கமகத்தைக் கிட்டாரில் கொண்டுவர இருவர் எடுத்த இரண்டு வழிகள் குறிப்பிடத்தக்கவை. எழுபதுகளில் சக்தி குழுவில் விக்கு விநாயக்ராமோடு வாசித்த ஜான் மெக்லாக்லின், ஃபிரெட்டுகளுக்கு நடுவே உள்ள மரத்தைக் குழிவாகச் செதுக்கிய கிட்டாரைப் பயன்படுத்தினார். விரல் மரத்தில் படாததால் கம்பியை நன்றாக அழுத்தி இழுக்க முடிந்தது. அதற்கு முன்பு அவர் டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றவர். ராணிப்பேட்டையில் 1970-இல் பிறந்த ஆர். பிரசன்னா, எலக்ட்ரிக் கிட்டாரிலேயே கீர்த்தனையும் ராக ஆலாபனையும் கச்சேரி அளவுக்கு வாசித்துக் காட்டினார். சென்னை ஐஐடியில் கப்பல் கட்டுமானப் பொறியியல் படித்து, பின்பு அமெரிக்காவின் பெர்க்லி இசைக் கல்லூரிக்குப் போனவர். ஜிமி ஹென்றிக்ஸுக்குக் காணிக்கையாக ஓர் ஆல்பமும் வெளியிட்டிருக்கிறார். மரக்காணத்தைத் தாண்டி வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் செய்யூர்ப் பகுதியில், 2010-இல் ஸ்வர்ணபூமி இசை அகாடமி அவர் தலைமையில் தொடங்கியது; ஜாஸும் கொன்னக்கோலும் ஒரே வளாகத்தில் சொல்லிக் கொடுக்கப்பட்டன.

தேர்வெழுதிச் சான்றிதழ் வாங்க விரும்புபவர்களுக்கு லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிரேடு தேர்வுகள் இருக்கின்றன. இளையராஜா கிளாசிக்கல் கிட்டாரில் தங்கப் பதக்கம் பெற்றது டிரினிட்டியில்தான். அதன் ராக் அண்ட் பாப் பிரிவில் முன்தயாரிப்பு இல்லாமல் வாசித்துக் காட்டுவதை ஒரு தேர்வுப் பகுதியாக எடுத்துக்கொள்ள முடியும். ஆனால் சான்றிதழுக்கு வெளியே, பதிவுகளைக் கேட்டுக் காதால் பிடித்து வாசிப்பதற்கு ஈடான பயிற்சி வேறு கிடையாது. 1982-இல் வந்த ‘பயணங்கள் முடிவதில்லை’ படத்தின் ‘இளைய நிலா’ பாட்டில் ஆர். சந்திரசேகர் வாசித்த கிட்டாரை அப்படிக் காதால் பிடித்துக் கற்றவர்கள் தமிழ்நாட்டின் சிற்றூர்களில் ஏராளம்.

ஐந்திலிருந்து ஏழுக்கு

ஐந்து சுரங்களில் கை பேசத் தொடங்கிய பிறகே ஏழு சுரங்கள். மோகனத்தோடு மத்யமமும் நிஷாதமும் சேர்ந்தால் சி மேஜர், சங்கராபரணத்தின் சுரங்கள். அதையே ஆதாரம் மாற்றினால், டி-யிலிருந்து டோரியன் எனப்படும் கரகரப்பிரியா, ஜி-யிலிருந்து மிக்ஸோலிடியன் எனப்படும் ஹரிகாம்போதி, ஏ-யிலிருந்து இயற்கை மைனர் எனப்படும் நடபைரவி. 1959-இல் மைல்ஸ் டேவிஸ் பதிவு செய்த ‘கைண்ட் ஆஃப் புளூ’ ஆல்பத்தின் முதல் பாட்டு, பதினாறு பார் டி டோரியன், எட்டு பார் அதற்கு அரைச் சுரம் மேலே, மறுபடி எட்டு பார் டி என்றே அமைந்தது. கார்டுகள் அடிக்கடி மாறாத அந்த அமைப்பு, தம்பூராவுக்குப் பழகிய காதுக்கு நெருக்கமானது. ஜாஸ் பக்கம் போக நினைக்கும் தமிழ்நாட்டு மாணவருக்கு அதுவே நல்ல வாசல்.

சேர்ந்த இரண்டு சுரங்களையும் கவனமாக வைத்துக்கொள்ள வேண்டும். மத்யமம் சி கார்டின் மேல் நின்றால் காந்தாரத்தோடு முட்டும். எஃப் கார்டின் மேல் அதுவே ஆதாரம். நிஷாதம் ஜி-யின் மேல் இதமாக இருக்கும், சி-யின் மேல் ஸட்ஜத்துக்குத் தாவத் துடிக்கும். ஐந்து சுரம் கொடுத்த பாதுகாப்பு இப்போது இல்லை, பதிலாக இழுவிசை கிடைக்கிறது.

தமிழ் சினிமாப் பாட்டுகளில் அடுத்து உடனே எதிர்ப்படுவது கீரவாணி, அதாவது ஹார்மோனிக் மைனர். ஏ மைனர் பாட்டு ஒன்றில் ஈ மேஜர் கார்டு வந்தால், அந்தக் கார்டின் நடுச் சுரம் ஜி அல்ல, ஜி ஷார்ப். மற்ற கார்டுகளில் பென்டடோனிக் பெட்டியிலேயே இருந்துகொண்டு, ஈ கார்டு வரும் அந்த நான்கடிக்கு மட்டும் ஜி-க்குப் பதில் ஜி ஷார்ப்பை எடுத்து, அடுத்த ஏ மைனரின் முதல் அடியில் அரைச் சுரம் ஏறி ஏ-யில் நிற்க வேண்டும். பெட்டியில் இதற்கு விரல் நகர்வது ஒரே ஒரு ஃபிரெட்: நான்காவது கம்பியில் ஐந்திலிருந்து ஆறுக்கு, அங்கிருந்து ஏழுக்கு.